காட்டுப்பள்ளிச் சாலையில் கொதிக்கும் வண்டிகள்: புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு

மீஞ்சூரைத் தாண்டி அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் போய்க் காட்டுப்பள்ளியில் முடியும் சாலைகளில் பட்டறை வைத்திருப்பவருக்கு, ஹீட் ஆன வண்டி வராத நாள் அபூர்வம். எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் நிலக்கரி இறக்கத் தொடங்கியது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2013-ல் காட்டுப்பள்ளித் துறைமுகம் திறந்தது. அதன்பின் கன்டெய்னர் லாரிகளும், அங்கே வேலைக்குப் போய்வரும் கார்களும் வேன்களும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. கடற்காற்று, அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூள், உப்புத் தண்ணீர், மணிக்கணக்கில் நகராத வரிசை என்று இன்ஜினைச் சூடேற்றும் எல்லாமே இங்கே ஒன்றாக இருக்கின்றன. ஐடிஐ முடித்துவிட்டும், பத்தாவதோடு நிறுத்திவிட்டும் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்ற ஊரில் வேலை செய்பவருக்கும் இதில் பாதி உதவும். மீதிப் பாதி நம் மண்ணுக்கே உரியது.

1. சூட்டில் மூடியைத் திறக்காதே

ஆவி பறக்க ஒரு வண்டி வந்து நின்றதும் கை தானாக ராடியேட்டர் மூடிக்குப் போகும். போகக் கூடாது. அந்த மூடி, குக்கரின் வெயிட் போல, உள்ளே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்திருந்தால் அதற்கும் மேலே. நீ மூடியைத் திருகியதும் அழுத்தம் விடுபடும். அதுவரை கொதிக்காமல் இருந்தது அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே.

இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வை. முக்கால் மணி நேரம் ஆனாலும் காத்திரு. மேல் ஹோஸைத் தடித்த துணி வைத்து அமுக்கிப் பார். கல் மாதிரி இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. ஹோஸ் அமுங்கி, கை வைத்துத் தாங்குகிற சூட்டுக்கு வந்த பிறகு மூடியைத் தொடு. சாவியை எடுத்த பிறகும் பல கார்களில் எலக்ட்ரிக் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். அதனால் ஃபேன் பக்கம் விரலை வைக்காதே.

இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். பழைய அம்பாஸடரின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. அது பல அடிகளைத் தாங்கியது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் லான்சர் செய்யத் தொடங்கிய காலத்திலேயே அலுமினிய ஹெட் வழக்கமாகிவிட்டது. இரும்பைவிட அலுமினியம் சூட்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். கொதிக்கும் ஹெட் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது கோணும், சில நேரம் விரிசலே விடும். ஹோஸ் மாற்றினால் போதும் என்று வந்த வண்டி, ஹெட்டை இறக்க வேண்டிய வண்டியாகிவிடும்.

2. ஸ்பேனரை எடுக்குமுன் ஓட்டுநரிடம் கேள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள். "எப்போ அண்ணா சூடாகுது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை முழுதாகக் கேள். பாதிக் கண்டுபிடிப்பு அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும்போது முள் ஏறுகிறது, வண்டி நகர்ந்தால் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை. ஃபேனையும் ராடியேட்டர் முகத்தையும் பார். நிற்கும்போது சரியாக இருந்து, மீஞ்சூரிலிருந்து வண்டலூர் போகும் வெளிவட்டச் சாலையில் 80-ல் போனால் ஏறுகிறது என்றால் அங்கே காற்றுக்குக் குறைவில்லை. தண்ணீர்தான் தேவையான அளவு சுற்றவில்லை: ராடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தளர்ந்திருக்கலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம். ஏசி போட்டால் மட்டும் ஏறுகிறது என்றால் கண்டென்சர் முகமும் ஃபேனும். காலையில் ஸ்டார்ட் செய்த ஐந்து நிமிடத்திலேயே கொதிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டியிருக்கலாம், அல்லது சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் வருகிறது.

இன்னும் இரண்டு கேள்விகள். எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? கடைசியாக இந்த வண்டியில் என்ன வேலை பார்த்தார்கள்? முதல் கேள்விக்கு "தினமும்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். மூடிய சிஸ்டத்தில் தினமும் தண்ணீர் குறைவது சாதாரணம் கிடையாது; எங்கோ ஒழுகுகிறது அல்லது எரிகிறது. இரண்டாவதற்கு, "போன வாரம் டைமிங் பெல்ட் மாத்துனாங்க" என்றால், கூடவே பம்பையும் கழற்றிவிட்டு, கூலன்ட்டில் மாட்டிய காற்றை எடுக்காமல் விட்டிருப்பார்கள் என்று சந்தேகப்படு.

லாரி ஓட்டுநர் பேசத் தயங்குவார். முதலாளி என்ன சொல்வாரோ, லோடு தாமதமாகுமோ என்ற பயம் அவருக்கு. ஒரு டீ வாங்கிக் கொடுத்து, உட்கார வைத்துக் கேள். தன் மேல் பழி வராது என்று தெரிந்தால் எல்லாம் சொல்வார்.

3. உண்மையில் சூடாகிறதா என்று உறுதி செய்

இன்றைய கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் இருக்கும் கார்களிலும் அது நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும்படி கம்பெனியே அமைத்திருக்கும். அதனால் ஸ்கேனரைப் போட்டு நேரடி அளவைப் பார். பெரும்பாலான இன்ஜின்கள் 85 முதல் 105 டிகிரிக்குள் ஓடும்; சரியான எல்லையை அந்த வண்டியின் மானுவல் சொல்லும். பி0217 என்ற கோடு வந்தால் இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது. ஸ்கேனர் காட்டுவதை இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் தெர்மோஸ்டாட் உறை அருகே பிடித்து ஒப்பிடு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சென்சாரையும் அதன் வயரையும் பார்.

ஓர் ஆபத்து இருக்கிறது. கூலன்ட் அடியோடு போய்விட்டால் சென்சார் நனையாது. அப்போது முள் கீழே இறங்கிக்கூட நிற்கும், இன்ஜினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். "முள் நார்மலாத்தான் இருந்தது, திடீர்னு நின்னுபோச்சு" என்று வரும் சீஸ் ஆன வண்டிகளில் பல இந்த வகை.

4. ஒழுக்கைக் கண்ணால் தேடு, பிறகு பம்ப் போடு

வண்டி ஆறியதும் டார்ச் எடுத்துக்கொண்டு சுற்றிப் பார். கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அலுமினிய ராடியேட்டரில் பிளாஸ்டிக் டேங்க் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளிப்புகளின் அடி, வாட்டர் பம்பின் கீழே இருக்கும் சிறு துளை ஆகிய மூன்றையும் தவறாமல் பார். அந்தத் துளையில் கசிவுக் கறை இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். துளையை எம்-சீல் வைத்து அடைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துளை இருப்பதே உனக்குச் செய்தி சொல்லத்தான். அதன் வாயை மூடாதே.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிரஷர் டெஸ்டர் கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை ஏற்றிப் பத்து நிமிடம் விடு. அழுத்தம் இறங்கியும் வெளியே சொட்டு இல்லை என்றால் உள்ளே போகிறது. முன் சீட் காலடி மேட் நனைந்து இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் கோர். இல்லையென்றால் 12-ஆவதைப் படி.

5. நம் சாலையின் காற்றை மறக்காதே

வேறு ஊரில் ராடியேட்டர் முகத்தில் பூச்சியும் புழுதியும் இருக்கும். இங்கே அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூளும் இருக்கும். வட சென்னை அனல்மின் நிலையம் 1990-களின் நடுவிலிருந்து ஓடுகிறது; அதன் பின் வல்லூரிலும் வந்தது. சாம்பல் மாவு போல நைசானது. அதோடு கடற்காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்தால் ஃபின்களுக்கு நடுவே சுண்ணாம்புப் பூச்சு மாதிரி இறுகிவிடும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும். முன்னால் இருப்பது ஏசி கண்டென்சர். அடைப்பு அதற்கும் ராடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில் இருக்கிறது. மேல் பிராக்கெட்டைக் கழற்றி, இரண்டையும் கொஞ்சம் விலக்கி, விளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பார். வெளிச்சம் வராவிட்டால் காற்றும் வராது.

கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளிக் கழுவு. காற்று வந்த வழியே அழுக்கு உள்ளே போயிருக்கிறது. அதற்கு எதிர்வழியில்தான் அது வெளியேறும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே பிடித்து அடிக்காதே. ஃபின் படுத்துவிட்டால் அந்த இடம் நிரந்தரமாக அடைத்ததுதான். சாதாரண ஹோஸ், மிதமான சோப்பு, பொறுமை போதும். ஃபின்னை விரலால் தேய்த்துப் பார். பொடிப்பொடியாக உதிர்ந்தால் உப்பு அரித்துவிட்டது, அந்த ராடியேட்டரை மாற்றத்தான் வேண்டும். கடற்கரைக்கு இவ்வளவு கிட்டே தினமும் ஓடும் வண்டிக்கு இந்தக் கழுவலை ஆயில் மாற்றும்போதெல்லாம் சேர்த்துச் செய்யச் சொல்லுவேன்.

6. ஃபேன் சுற்றுவதும் வேலை செய்வதும் ஒன்றில்லை

காரில் ஏசியைப் போட்டால் ஃபேன் உடனே வர வேண்டும். வரவில்லையென்றால் பியூஸ், ரிலே, கப்ளர், மோட்டார் என்ற வரிசையில் போ. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுத்துப் பார். சுற்றினால் மோட்டார் நல்லது, குறை வயரிங்கில் இருக்கிறது.

ஃபேன் சுற்றியும் வண்டி சூடானால்? வேகத்தைப் பார். நம் பகுதியில் எர்த் போல்ட்டிலும் கப்ளர் பின்னிலும் உப்புக்காற்றால் பச்சை பூத்துவிடும். ஃபேன் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை மோட்டார் நெகட்டிவிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினால் புது மோட்டார் போட்ட மாதிரி ஃபேன் சீறும். இரண்டு வேகம் உள்ள ஃபேனில் ரெசிஸ்டர் எரிந்து ஒரு வேகம் மட்டும் போவதும் உண்டு. அதனால் இரண்டு வேகத்தையும் ஸ்கேனரில் தனித்தனியே ஓட்டிப் பார்.

லாரியில் விஸ்கஸ் ஃபேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுழற்று. பிடிப்போடு மெதுவாக வந்தால் சரி. தடையில்லாமல் சுற்றினால் உள்ளே இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் கசிந்துவிட்டது. ஃபேனைச் சுற்றியிருக்கும் ஷ்ரவுட் உடைந்து போயிருந்தால் அதையும் மாற்றச் சொல். அது இல்லாத ஃபேன், போன காற்றையே திரும்ப இழுக்கும். புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளுக்கு 2025-ல் ஏசி கேபின் கட்டாயமானது. ஓட்டுநர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. இனி வரிசையில் நிற்கும் லாரிகள் ஏசியோடு ஐட்லிங்கில் நிற்கும். ஃபேனும் கண்டென்சரும் பார்க்கும் வேலை உனக்குக் கூடும்.

7. இந்த ஊர் போர் தண்ணீரை ராடியேட்டரில் ஊற்றாதே

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து கொட்டிய மணல் படுகையில் ஒரு காலத்தில் நல்ல தண்ணீர் இருந்தது. 1960-களில் சென்னையின் தேவைக்காக மீஞ்சூர்ப் பக்கம் குழாய்க் கிணறுகள் போட்டு இறைத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே கடல் நிலத்தடியில் உள்ளே வரத் தொடங்கியது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வயலும் வீடும் ஆலையும் இறைக்க இறைக்க உப்பு இன்னும் உள்ளே வந்தது. இன்று பல ஊர்களில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குடிக்க கேன் வாங்குகிறோம். ஆனால் வண்டி கொதித்ததும் பக்கத்துப் போரில் ஒரு பக்கெட் பிடித்து ஊற்றுகிறோம். காட்டுப்பள்ளி ஆலை ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் தண்ணீர் எடுக்கக் கட்டப்பட்டது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க அத்தனை பெரிய ஆலை வேண்டியிருக்கிறது. நாம் அதே உப்பைக் கையால் அள்ளி அலுமினியத்துக்குள் விடுகிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சூடான இடத்தில் படிந்து செதிலாகும். ஹெட்டைச் சுற்றித்தான் சூடு அதிகம், செதிலும் அங்கேதான் முதலில் கட்டும். செதில் சூட்டைக் கடத்தாது. உலோகம் கொதித்தாலும் தண்ணீருக்கு அது தெரியாது. குளோரைடு உப்பு அலுமினியத்தில் ஊசிக்குத்து போலத் துளைக்கும். பெரிய டீசல் இன்ஜின்களில் லைனர் நேரடியாகத் தண்ணீரில் நிற்கிறது. பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் லைனர் மேல் குமிழிகள் தோன்றி உடைந்து, குழிகுழியாக அரிக்கும். அதைத் தடுப்பது கூலன்ட்டில் இருக்கும் மருந்து. வெறும் தண்ணீரில் அது கிடையாது. நம் ஊர்க்காரர் பலர், கூலன்ட் என்றால் பனி பெய்யும் நாட்டுக்கான சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும்தான். துரு பிடிக்காமல் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்குத்தான் அதிகம் தேவை.

தண்ணீரில் கரைந்த உப்பை (டிடிஎஸ்) அளக்கும் பேனா ஒன்று வாங்கி வை, விலை பெரிதில்லை. வாடிக்கையாளர் எதிரில் போர் தண்ணீரிலும் பேட்டரி தண்ணீரிலும் முக்கிக் காட்டு. அதற்கு மேல் நீ விளக்க வேண்டியிருக்காது.

போர் தண்ணீர் ஊற்றிய வண்டி வந்தால் முழுதாக வடித்துவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஎம் தண்ணீரை நிரப்பு. ஹீட்டரைத் திறந்து வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டு. ஆறவிட்டு வடி. தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய். பிறகு மானுவலில் சொன்ன வகை கூலன்ட்டை, சொன்ன விகிதத்தில் ஊற்று. கலந்தே வருவது என்றால் அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்காதே. நிறத்தை நம்பாதே: பச்சையும் சிவப்பும் கம்பெனிகள் இஷ்டத்துக்குப் போடும் சாயம். பொருந்தாத இரண்டு வகைகள் கலந்தால் கொழகொழவென்று ஜெல் கட்டி ராடியேட்டரை அடைத்துவிடும். வழியில் வேறு கதியில்லாமல் ஓட்டுநர் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றட்டும், வந்ததும் மாற்றிவிடலாம்.

8. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதே

"நம்ம வெயிலுக்கு வால்வு எதுக்கு?" என்று சொல்லிக் கழற்றிவிடுவது நம் பட்டறைகளில் பழைய வழக்கம். தவறான வழக்கம். வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராது. டீசல் கூடக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும், பி0128 கோடு வந்து விளக்கு எரியும். இன்னொன்று: பல இன்ஜின்களில் வால்வு திறக்கும்போது பைபாஸ் வழியை அதுவே மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ராடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும்.

சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வை. வால்வில் 82 என்றோ 88 என்றோ அச்சடித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுதாகத் திறக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் புதிது போடு.

9. மூடியைப் பொருட்படுத்துவதே இல்லை யாரும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தம் பிடிக்காது. தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து ரிசர்வ் டேங்கில் பொங்கும். ஆறிய பிறகு ஹோஸ் ஒட்டிச் சப்பையாகக் கிடந்தால் மூடியின் உள் வால்வு திரும்ப உறிஞ்சவிடவில்லை. மாற்றும்போது அதே அழுத்தம் உள்ளதை வாங்கு.

10. பெல்ட் தளர்ந்தால் பம்ப் சுற்றாது. பழைய வண்டியில் ஃபேனும் சுற்றாது. பம்ப் வெளியே நன்றாகத் தெரிந்து உள்ளே பிளாஸ்டிக் இம்பெல்லர் விண்டுபோயிருப்பதும் உண்டு. டைமிங் பெல்ட் ஓட்டும் பம்ப் என்றால் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றச் சொல். கூலி ஒன்றுதான்.

11. காற்றை முழுதாக எடு

கூலன்ட் மாற்றிய வண்டி மறுநாளே சூடாகித் திரும்பி வந்தால் பெரும்பாலும் ஏர் லாக்தான். வண்டியின் மூக்கு உயரமாக இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்து. ஹீட்டரை முழுச் சூட்டில் வை. காற்று எடுக்கும் திருகு இருந்தால் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் வந்ததும் இறுக்கு. மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடு. ஃபேன் இரண்டு முறை வந்து நிற்கும்வரை ஓடவிடு. உள்ளே ஹீட்டரில் சூடான காற்று வந்தால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. வரவில்லையென்றால் இன்னும் காற்று இருக்கிறது. ஆறிய பிறகு மட்டத்தை மீண்டும் பார்.

12. ஹெட் கேஸ்கெட் என்று அவசரப்பட்டுச் சொல்லாதே

அந்த வார்த்தையைக் கேட்டதும் வண்டிக்காரர் முகம் வாடிவிடும். பலருக்கு அது பல மாதச் சம்பாத்தியம். எனவே சாட்சி இல்லாமல் சொல்லாதே.

சாட்சிகள் இவை: ஆறிய இன்ஜினை மூடி திறந்து ஸ்டார்ட் செய்தால் ராடியேட்டரில் நிற்காமல் குமிழி வருவது, ஸ்டார்ட் செய்த சில நொடியிலேயே ஹோஸ் கல்லாவது, புகைக்குழாயில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருப்பது. ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் பால் நிறம் இருந்தால் பயப்படாதே. குட்டைப் பயணம் போகும் வண்டியில் ஈரம் அப்படிப் படியும். நீல நிறச் சோதனைத் திரவம் கிடைக்கிறது. ராடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், சிலிண்டர் வாயு இருந்தால் மஞ்சளாகிவிடும். கம்ப்ரஷனும் பார். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது.

ஹெட்டை இறக்க வேண்டியே வந்தால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடாதே. நேர்விளிம்புப் பட்டையை நீளத்திலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் வைத்து, ஃபீலர் கேஜ் விட்டுப் பார். பல கார்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் என்றால் லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்ய வேண்டும். விரிசல் சோதனையும் அங்கேயே செய்யச் சொல். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து, மானுவல் சொன்ன கட்டங்களில் இறுக்கு. ஒருமுறை மட்டுமே இறுக்கும்படி செய்த போல்ட்டைத் திரும்பப் போடாதே. எல்லாம் முடிந்த பிறகு, கேஸ்கெட் ஏன் போனது என்று கேட்டுக்கொள். அடைத்த ராடியேட்டரை அப்படியே விட்டுவிட்டு புதுக் கேஸ்கெட் போட்டால் அதுவும் போகும்.

13. கூலிங் எல்லாம் சரி, அப்புறமும் சூடா?

பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார். பிடித்த பிரேக்கோடு ஓடும் இன்ஜின் எந்நேரமும் மேடு ஏறுகிறது. ஆயில் மட்டம், நழுவும் கிளட்ச், அடைத்த சைலன்சர், அனுமதித்ததைவிட அதிக லோடு ஆகியவற்றையும் பார். எரிபொருள் தரும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கூலன்ட்தான் சுமக்கிறது. வேலை கூடினால் அதன் சுமையும் கூடும்.

14. குறுக்கு வழிகள்

ஒழுகும் ராடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். நடுவழியில் மீஞ்சூர் வரை வந்து சேர அது உதவியிருக்கும். பட்டறையில் அதை நீ செய்யாதே. ஒழுக்கை அடைக்கும் தூள், ஹீட்டர் கோரின் மெல்லிய குழாயையும் அடைக்கும். புட்டியில் விற்கும் லீக் ஸ்டாப்புக்கும் இதையே சொல்வேன். ஃபேனை சாவியோடு நேரடியாக இணைத்து "எப்பவும் சுத்தட்டும்" என்று அனுப்புவதும் வேண்டாம். ரிலே இல்லாத நேரடி வயர் சூடாகி உருகும். சென்சார் ஏன் ஃபேனைக் கூப்பிடவில்லை என்ற கேள்வியும் பதிலில்லாமல் போகும்.

15. வடித்த கூலன்ட்டை எங்கே ஊற்றுகிறாய்?

சாக்கடையில் ஊற்றினால் அது பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கொசஸ்தலையாற்றுக்கும்தான் போகும். அந்த ஆற்று முகத்துவாரத்தில் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள். மீனவர்கள் வலை போடுகிறார்கள். சாம்பலும் எண்ணெயும் அந்தத் தண்ணீருக்கு ஏற்கெனவே போதும் போதும் என்னும் அளவுக்குப் போயிருக்கின்றன. நம் பட்டறையின் பங்கும் அதில் சேர வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தட்டில் வடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் நாயோ கன்றோ வந்து நக்கிவிடும். மூடி போட்ட கேனில் பிடி, மேலே எழுதி ஒட்டு, பழைய ஆயில் எடுக்க வரும் அனுமதி பெற்றவரிடம் தனியாகக் கொடு.

16. வண்டியைக் கொடுக்குமுன்

ஏசியைப் போட்டு, பட்டறை வாசலில் அரை மணி நேரம் ஐட்லிங்கில் நிறுத்தி ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிரு. துறைமுக வரிசை எப்படி இருக்குமோ அதுதான் இந்தச் சோதனை. பிறகு வெளிவட்டச் சாலைக்குப் போய், அனுமதித்த வேகத்தில் ஒரு சுற்று ஓட்டி வா. இரண்டிலும் அளவு ஒரே இடத்தில் நின்றால்தான் வேலை முடிந்தது.

ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பு: முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுதாகப் போடுங்கள், அது கொஞ்சம் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும், சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள், "இதோ பக்கம்தான்" என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ரிசர்வ் டேங்கின் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் காட்டு. ஒரு வாரம் கழித்து, காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது வந்து அந்தக் கோட்டைக் காட்டச் சொல். அதற்குப் பணம் வாங்காதே.